கையைத் தூக்கி விட்டுப் பாருங்கள்

காலை ஆறு இருபது. கண் திறந்ததும் தெரிந்தது எதிர்க் கட்டிலின் தலைமாட்டில் தொங்கிய மணல் பை. காக்கித் துணியில் தைத்தது. பைக்கு மேலே கயிறு, கயிறு ஓடும் கப்பி, கயிற்றின் மறுமுனையில் தோல்பட்டை, பட்டைக்குள் ஒரு பெண்ணின் தாடை. என் தலைமாட்டிலும் அப்படி ஒன்று தொங்கியது. அதை நான் பார்த்ததில்லை. தாடையையும் பிடரியையும் பட்டை இழுத்துப் பிடித்திருக்கும்போது பின்னால் திரும்ப முடியாது. எதிர்க் கட்டில்காரியைப் பார்த்துத்தான் நான் எப்படிப் படுத்திருக்கிறேன் என்பதைத் தெரிந்துகொண்டேன்.

இது 1991இல், சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பெண்கள் எலும்பு வார்டில். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். யாரையும் மாட்டிவிட இதை எழுதவில்லை. கழுத்தும் தோளும் வலிக்கிறது என்று டாக்டரிடம் போகிறவர்கள், தங்கள் உடம்பில் என்ன சோதிக்கப்படுகிறது, எதற்காக என்று தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

என் பெயர் எஸ்தர். ஊர் ஸ்ரீபெரும்புதூர். குண்டு வெடித்த அந்த ஆண்டு எங்கள் ஊர்ப் பெயரைக் கேட்டால் எல்லோரும் ஒரு நொடி பேச்சை நிறுத்துவார்கள். என்னை வார்டில் சேர்த்த நர்ஸும் பேனாவை நிறுத்தினார்.

"அந்த ஊரா?"

"அதே ஊர்தான். எனக்கு வலது கையைத் தூக்க முடியல."

கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் சில ஆண்டுகள் சென்னையில் ஒரு மாலைப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். பத்திரிகையை மூடினார்கள். அதன்பிறகு பெங்களூர் நெடுஞ்சாலையோரம் மேசை விசிறி செய்யும் ஒரு தொழிற்சாலையில், பெயிண்ட் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். தலைக்கு மேல் சங்கிலி ஓடும். சங்கிலியில் கொக்கிகள் தொங்கும். விசிறியின் கம்பிக் கூண்டை எடுத்து, நகர்ந்துகொண்டிருக்கும் கொக்கியில் மாட்ட வேண்டும். கூண்டு பெயிண்ட் அறைக்குள் போகும். அடுத்த கொக்கி வரும். வேலை அவ்வளவுதான். சங்கிலியை ஆண்களின் உயரத்துக்குப் பொருத்திவிட்டு, சம்பளம் குறைவு என்று அங்கே பெண்களை நிற்க வைத்திருந்தார்கள். கொக்கியை எட்ட நாங்கள் குதிகாலைத் தூக்க வேண்டும். ஏறி நிற்க ஒரு பலகை கேட்டோம். தடுக்கி விழுந்தால் யார் பொறுப்பு என்று சூப்பர்வைசர் கேட்டார். பலகை வரவில்லை.

ஒரு நாள் மதியம் கூண்டை மாட்டும்போது வலது தோளுக்குள் ஏதோ பிரிந்தது. சத்தம் இல்லை. ஈரத் துணியை இழுத்தால் நூல் விட்டுப்போகுமே, அப்படி ஓர் உணர்வு. அன்று முதல் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் வலி. வலப்பக்கம் சாய்ந்து படுக்க முடியாது. ரவிக்கைக்குள் கையை விடுவது, தலை வாருவது, பரணில் இருக்கும் டப்பாவை எடுப்பது எல்லாம் நின்றுபோயின. ஆனால் கொக்கியில் மாட்டுவது நிற்கவில்லை. அது எப்படி என்று சொல்கிறேன். என் கதை அதில்தான் தடம் மாறியது.

எங்கள் தொழிற்சாலையில் ஆண்டுக்கு ஒரு முறை மெடிக்கல் நடக்கும். டாக்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, "ரெண்டு கையும் மேல" என்பார். தூக்கிய பெண்களுக்கு முத்திரை. தூக்காத பெண்களை லைனிலிருந்து எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு பெரும்பாலும் வேலையிலிருந்தும். ஆகவே தோள் போன ஒருத்தி மற்றவளுக்குக் கற்றுக்கொடுப்பாள். கையைத் தூக்காதே, வீசு. முதலில் தோளைக் காதுப் பக்கம் ஏற்று, இடுப்பை மறுபக்கம் சாய், கை தானாக மேலே போய்விடும். முகத்தைச் சுளிக்காதே. எதிரே உட்கார்ந்து பார்ப்பவருக்கு இரண்டு கையும் மேலே இருப்பதுதான் தெரியும். லைனில் நாங்கள் எல்லோரும் இதைச் செய்தோம். இதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. கேட்க வேண்டியவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள்.

இந்தப் பழக்கத்தோடுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். புறநோயாளி வரிசையில் பாதி நாள் நின்றேன். உள்ளே இருந்த இளம் டாக்டர் எதிரே உட்கார்ந்துகொண்டு, "கையைத் தூக்குங்கம்மா" என்றார். என் உடம்பு என்னைக் கேட்கவில்லை. தோள் ஏறியது, இடுப்பு சாய்ந்தது, கை மேலே போனது. முகம் சுளிக்கவில்லை.

"தூக்க முடியுதே" என்றார்.

"வலிக்குது டாக்டர்."

"வலி எங்கே? விரல் வரைக்கும் போகுதா?"

"முழங்கை வரைக்கும்."

எழுந்து வந்து என் தலையை வலப்பக்கம் சாய்த்து, சற்றே பின்னால் தள்ளி, உச்சந்தலையில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். கழுத்து நரம்புக்கான சோதனை இது. கழுத்தெலும்புகளின் இடையிலிருந்து கைக்குப் போகும் நரம்பு நசுங்கியிருந்தால், இப்படி அழுத்தும்போது வலி மின்சாரம் போலக் கையில் ஓடும். எனக்குக் கழுத்தில் சுருக்கென்றது; "ஆ" என்றேன். எங்கே வலித்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கழுத்து எக்ஸ்ரேயில் இரண்டு எலும்புகளுக்கு இடையே இடைவெளி குறைந்திருந்தது. என் வயதில் பலருக்கு அப்படி இருக்கும், ஒரு தொல்லையும் தராது என்று பிற்பாடு தெரிந்தது. அன்று அது சாட்சியாகிவிட்டது. கேஸ் ஷீட்டில் "கழுத்து நரம்பு அழுத்தம்" என்று எழுதி, வார்டில் சேர்த்து, தலையில் மணல் பையைக் கட்டினார்கள்.

என் கணவர் தேவராஜ், தொழிற்சாலை பஸ் ஓட்டுபவர். ஒரகடம், வல்லக்கோட்டைப் பக்கத்து ஆட்களைக் காலை ஷிப்டுக்கு இறக்கிவிட்டு, ஊர் பஸ் பிடித்துச் சென்னைக்கு வருவார். பார்வையாளர் நேரத்தில் என் தாடைப் பட்டையைக் கழற்றியதும் அவர் செய்யும் முதல் வேலை என் தலையை வாரிப் பின்னுவது. முதல் நாள் சீப்பைப் பிடிக்கவே அவருக்குத் தெரியவில்லை.

"இன்னா எஸ்தரு, மூணு காலு தானே? ஒன்னு மேல ஒன்னு. கியர் மாத்துற மாதிரி."

எதிர்க் கட்டில்காரி தாடைப் பட்டைக்குள்ளிருந்தே சிரித்தாள். "அண்ணே, அது சடையா, சாட்டையா?"

"ரெண்டுத்துக்கும் ஆவும் மா. உங்க வூட்டுக்காரரு வந்தா சொல்லு, அவருக்கும் கத்துக் குடுக்கறேன்."

சடை எப்போதும் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். வார்டில் அது எனக்கு அடையாளமாகிவிட்டது. நர்ஸ்கள் மருந்து கொடுக்கும்போது "கோணச் சடை" என்று கூப்பிட்டார்கள்.

தொழிற்சாலையின் பர்சனல் ஆபீசர் ஒரு பை சாத்துக்குடியோடு வந்தார். கேஸ் ஷீட்டை எட்டிப் பார்த்ததும் அவர் முகம் தெளிந்தது.

"கழுத்துன்னா தேய்மானம் மேடம். வயசு. நம்ம வேலைக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"கொக்கி எவ்வளவு உயரத்துல இருக்கு சார்?"

"ரெஸ்ட் எடுங்க" என்றார்.

மணல் பையால் ஒன்றும் ஆகவில்லை. கழுத்து நீண்டதுபோல இருந்தது. கை அப்படியே கிடந்தது. அந்த யூனிட்டின் தலைமை டாக்டரைப் பெரிய டாக்டர் என்போம். அவர் காலை ரவுண்டில் என் கட்டிலருகே நின்று ஆபரேஷன் என்றார். கழுத்தின் முன்பக்கம் கீறி, குரல்வளையை ஒதுக்கிப் பிடித்து, இரண்டு எலும்புகளுக்கு இடையில் தேய்ந்துபோன வட்டை எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து ஒரு துண்டு வெட்டி அந்த இடத்தில் பொருத்துவது. இரண்டு எலும்பும் ஒன்றாக ஒட்டிக்கொள்ளும். குரலுக்குப் போகும் நரம்பு அந்த வழியில்தான் இருக்கிறது என்று கூட வந்த உதவி டாக்டர் சொன்னார். அபூர்வமாகத்தான் அடிபடும் என்றும் சொன்னார். நான் தொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"அடுத்த வாரம் பரீட்சை இருக்கு. நல்ல கேஸ், இருக்கட்டும். ஆபரேஷன் அது முடிஞ்ச பிறகு" என்றார் பெரிய டாக்டர்.

சம்மதப் படிவத்தை நர்ஸ் என் கணவரிடம் நீட்டினார். அவர் அதை வாங்கி என் போர்வை மேல் வைத்தார்.

"கய்த்து அவளுது சிஸ்டர். அவ போட்டா நான் போடறேன்."

நான் போடவில்லை. பரீட்சை முடியட்டும் என்று அவர்கள் சொன்னதையே நானும் சொன்னேன். அப்போது என்னிடம் காரணம் எதுவும் இல்லை, பயம்தான் இருந்தது. கழுத்தை அறுத்த பிறகும் கை இப்படியே கிடந்தால் என்ன செய்வது என்ற பயம்.

நல்ல கேஸ் என்றால் என்ன என்பதை வார்டு ஆயா பட்டம்மா விளக்கினாள். எலும்பு வைத்தியத்தில் மேற்படிப்புப் படிக்கும் டாக்டர்களுக்கு வார்டில்தான் பரீட்சை. ஆளுக்கு ஒரு நோயாளி. தொட்டு, தட்டி, சோதித்து, என்ன நோய் என்று வெளியூரிலிருந்து வரும் தேர்வாளரிடம் சொல்ல வேண்டும். கேஸ் ஷீட்டைக் காட்டமாட்டார்கள். ஆனால் நோயாளிக்கு வாய் இருக்கிறதே. பரீட்சை எழுதுகிறவர் காதோடு காதாகக் கேட்பார், நோயாளி நோயின் பெயரைச் சொல்லிவிடுவாள். டீயும் பன்னும் வரும். பட்டம்மாவுக்கு அவளுடைய பங்கு. எந்த வார்டிலும் நடப்பதுதான், யாரும் தப்பாக நினைப்பதில்லை என்றாள்.

"கய்த்து நரம்புன்னு சொல்லு. கட்டவெரலு மதமதன்னு கீதுன்னு சொல்லு."

"மதமதப்பு இல்லியே ஆயா."

"இல்லாங்காட்டி இன்னா? சொன்னா தானே அந்தப் பசங்க பாஸாவும். போன தபா இதே கட்டில்ல ஒரு கெய்வி இருந்துச்சி, இன்னா அழகா சொல்லிச்சி தெரிமா!"

பரீட்சைக்கு முந்தைய நாட்களில் பழகிப் பார்க்க மாணவர்கள் வந்தார்கள். அவர்கள் எல்லோரும் டாக்டர்கள்தான்; வார்டில் மாணவர்கள் என்றே பேச்சு. முதலில் வந்தவர் குனிந்து, "என்னன்னு போட்டிருக்காங்க?" என்றார். "கழுத்து நரம்பு" என்றேன். உடனே பட்டையைக் கழற்றி, என்னை உட்கார வைத்து உச்சந்தலையை அழுத்தினார். தலையசைத்தார். முழங்கை மடிப்பில் ரப்பர் சுத்தியலால் தட்டினார். நரம்பு சரியாக இருந்தால் கை துள்ளும். நசுங்கியிருந்தால் துள்ளல் மங்கும். என் கை துள்ளியது. இடது கையையும் தட்டி, "வலதுல கொஞ்சம் கம்மி" என்று எழுதிக்கொண்டார். பஞ்சாலும் குண்டூசியாலும் விரல்களைத் தொட்டு, உணர்ச்சி தெரிகிறதா என்று கேட்டார். எல்லா விரலிலும் தெரிந்தது. அடுத்தவர் வந்தார். அவரும் கேட்டார், நானும் சொன்னேன், அவரும் அழுத்தினார்.

இப்படியே பலர் வந்தார்கள். என் உச்சந்தலை வலிக்க ஆரம்பித்தது. படுத்திருப்பவளுக்குப் பார்ப்பதைத் தவிர வேலை இல்லை. நான் அவர்கள் முகத்தைப் பார்த்தேன். நான் "கழுத்து" என்று சொன்ன மறுகணம் எல்லோர் முகத்திலும் தேடல் நின்றுபோனது. அதன் பிறகு அவர்கள் செய்தது சோதனை அல்ல, சடங்கு. பத்திரிகையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் நினைவுக்கு வந்தது. ஒருவர் சொன்னதை ஐந்து பேர் திருப்பிச் சொன்னால் அது ஐந்து சாட்சி ஆகாது. முதல் ஆள் தப்பாகச் சொல்லியிருந்தால் ஆறு பேரும் தப்பு. இந்த வார்டில் முதல் ஆள் கேஸ் ஷீட். அதற்கு முதல் ஆள் புறநோயாளி டாக்டர். அவருக்கு முன்னால் கையை வீசிக் காட்டியது நான்.

பழகிப் பார்க்க வந்த ஒருவர் சுத்தியலை எடுக்கத் திரும்பும்போது, என் வலது கையைத் தோளுயரத்துக்குப் பக்கவாட்டில் தூக்கிப் பிடித்திருந்ததை மறந்து, விட்டுவிட்டார். கை கல் போல விழுந்தது. நான் கத்தினேன். "சாரிம்மா, சாரி" என்று பதறினார். பிறகு என் தலையை அழுத்தினார்.

அன்று மாலை உதவி டாக்டரிடம் கேட்டேன்.

"டாக்டர், தலையை அழுத்தினா எனக்கு வலி கைக்கு வரல. கழுத்துலதான் வலிக்குது. கையை விட்டா விழுது."

"அட்மிஷன்ல பாசிட்டிவ்னு இருக்கே."

"அன்னைக்கும் கழுத்துலதான் வலிச்சது."

"பெரிய டாக்டர் பாத்துட்டாரும்மா. கேஸ் ஷீட்ல இருக்கு."

பரீட்சையன்று காலை மணல் பையைக் கழற்றிவிட்டார்கள். பட்டம்மா எனக்குப் புது விரிப்புப் போட்டாள். நான் அவளிடம் சொன்னேன்:

"ஆயா, இன்னைக்கு யார் வந்தாலும் நான் நோய் பேரைச் சொல்லமாட்டேன்."

அவள் தலையணை உறையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இன்னாமே சொல்ற? அந்தத் திருநெவேலித் தம்பி உன் கட்டிலுக்குன்னு காலீலயே சொல்லிட்டுப் போச்சி."

"சொல்லட்டும். வலி எங்க இருக்குன்னு சொல்வேன். வியாதி என்னன்னு அவரு சொல்லட்டும்."

"பாவம்மே, படிக்கிற புள்ள. நீ இன்னா பேப்பர்க்காரியா, கோர்ட்டா?"

"கழுத்து என்னுது ஆயா."

எனக்கு வந்தவர் டாக்டர் கதிரேசன். ஒல்லியான ஆள், கோட்டுப் பையில் சுத்தியல் துருத்திக்கொண்டிருந்தது. உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தினார்.

"எக்கா, என்னன்னு சொல்லிருங்க. பேரு மட்டும் போதும்."

"வலது தோள்லருந்து முழங்கை வரைக்கும் வலி. கையைத் தூக்கி வேலை செய்யற எடத்துல வந்தது. விரல்ல ஒண்ணும் இல்ல. மத்ததை நீங்க பாருங்க."

"நீங்க என்னத்துக்கு இப்படிப் பண்ணுதிய? போன தடவையே கோட்டை விட்டவன் நான்."

"உங்களுக்கு இன்னொரு தடவை இருக்கு டாக்டர். அடுத்த வாரம் என் கழுத்தை அறுக்கறாங்க."

என்னைப் பார்த்தார். வாசலில் நின்ற பட்டம்மாவைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவருக்கு வேறு வழி இல்லை. நர்ஸைக் கூப்பிட்டுத் திரை போடச் சொன்னார். ரவிக்கையைத் தளர்த்தி, முதுகு தெரியும்படி என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, எனக்குப் பின்னால் போய் நின்றார். அந்த ஆஸ்பத்திரியில் என் முதுகைப் பார்த்த முதல் டாக்டர் அவர்தான்.

இரண்டு தோளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வலது தோள்பட்டை எலும்புக்கு மேல் விரலை வைத்தார். விரல் உள்ளே இறங்கியது. "இங்க குழி விழுந்திருக்கு. இடது பக்கம் நிரவலா இருக்கு" என்று நர்ஸிடம் சொன்னார். உபயோகப்படாத சதை வற்றிக் குழியாகும் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

"கையைத் தூக்குங்கக்கா."

தூக்கினேன். அதாவது வீசினேன்.

"நிறுத்துங்க. கை வரதுக்கு முன்ன தோள்பட்டை ஏறுது. இடுப்பு சாயுது. யாரு உங்களுக்கு இப்படிச் சொல்லிக் கொடுத்தது?"

"கம்பெனி."

"இங்க அப்படித் தூக்கப்பிடாது. நேரா உக்காந்து, மெதுவா. முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க."

அந்த வார்த்தையை ஒரு டாக்டர் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. நேராக உட்கார்ந்து தூக்கினேன். கை இடுப்பைவிட்டுக் கொஞ்சம் நகர்ந்தது. மார்பு உயரத்துக்குக்கூட வரவில்லை. அங்கேயே நின்று நடுங்கியது. "முடியல" என்றேன். கண்ணில் நீர் வந்தது. அது வலியால் வந்தது அல்ல.

அதன் பிறகு வேகமாக வேலை செய்தார். என் கையை அவரே பிடித்துத் தூக்கினார். காது வரை தடையில்லாமல் போனது. அப்படியானால் மூட்டு இறுகவில்லை, தூக்கும் தசைநாரில்தான் கோளாறு. தோள்பட்டையை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு மறுகையால் என் கையை முன்பக்கமாக உயர்த்தினார். தோளின் முன்முனையில் வலி குத்தியது. தசைநார் எலும்புக்கு அடியில் உரசுகிறதா என்று பார்ப்பது அது. பிறகு இரண்டு கையையும் முன்னால் பிடித்து நீட்ட வைத்து, டம்ளரில் இருக்கும் தண்ணீரைக் கவிழ்ப்பதுபோலக் கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்பச் சொல்லி, மணிக்கட்டை அழுத்தினார். இடது கை நின்றது. வலது கை இறங்கிப்போனது. இந்தச் சோதனைகளுக்கெல்லாம் ஏதேதோ வெள்ளைக்காரர் பெயர் உண்டு என்று நர்ஸிடம் முணுமுணுத்துக்கொண்டே செய்தார். பெயர்கள் எனக்கு நினைவில்லை. கைகள் நினைவிருக்கின்றன. கடைசியில் தலையையும் அழுத்தினார். அழுத்திக்கொண்டே கேட்டார்: "எங்க வலிக்கு?"

"கழுத்துல லேசா. கைக்கு வரல."

தேர்வாளர் பெரிய டாக்டரோடு வந்தார். கதிரேசன் எழுந்து நின்று, தோளில் கையைத் தூக்கும் தசைநார் அறுந்திருக்கிறது என்றார். பெரிய டாக்டரின் புருவம் ஏறியது.  ஆனாலும் கதிரேசன் சொன்னதை மாற்றவில்லை. தேர்வாளரும் பெரிய டாக்டரும் தள்ளி நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள்.

எனக்கு ஆங்கிலம் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பத்திரிகையில் செய்தி ஏஜென்சிகளின் ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கியே சம்பளம் வாங்கியவள் நான். பையன் கேஸைத் தவறவிட்டுவிட்டான், இது நாங்கள் கழுத்து ஆபரேஷனுக்கு வைத்திருக்கும் நோயாளி என்றார் பெரிய டாக்டர். அப்படியா என்று தேர்வாளர் மதிப்பெண் தாளை எடுத்தார்.

பரீட்சையில் நோயாளி பேசக் கூடாது. நான் பேசினேன்.

"சார், என் தலையை இந்த ஆஸ்பத்திரியில எல்லாரும் அழுத்திட்டாங்க. பின்னால வந்து என் தோளை யாரும் பாக்கல. அவரு பாத்தாரு. நீங்க ஒரு தடவை என் கையைத் தூக்கி விட்டுப் பாருங்க."

"பேசாம இரும்மா" என்றார் பெரிய டாக்டர்.

"ஆபரேஷனுக்கு நான் இன்னும் கையெழுத்துப் போடல சார். பாத்துட்டுச் சொல்லுங்க, போடறேன்."

தேர்வாளர் தாளைக் கட்டிலில் வைத்தார். எனக்குப் பின்னால் வந்து, குழியில் விரலை வைத்துப் பார்த்தார். என் வலது கையைத் தோளுயரத்துக்குத் தூக்கினார். "மெதுவா இறக்குங்க" என்று சொல்லிக் கையை எடுத்தார். முழு பலத்தையும் போட்டுப் பிடித்துப் பார்த்தேன். கை விழுந்தது. பக்கத்தில் இருந்த எனாமல் தட்டில் பட்டு, சுத்தியலும் குண்டூசிகளும் தரையில் சிதறின. வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

குனிந்து சுத்தியலை எடுத்தவர் பெரிய டாக்டர்.

இரண்டு நாள் கழித்துத் தோள் மூட்டுக்குள் ஊசியால் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். நல்ல மூட்டில் சாயம் பைக்குள் நிற்பதுபோல நிற்கும். என் படத்தில் அது கிழிசல் வழியாக மேலே கசிந்து வெள்ளையாகப் பரவியிருந்தது. பெரிய டாக்டர் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, "நான் உங்க முதுகைப் பாக்கல" என்றார்.   தசைநாரை எலும்போடு தைத்தவர் அவர்தான். நன்றாகத் தைத்தார், அதையும் எழுத வேண்டும்.

பட்டம்மா கொஞ்ச நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "உன்னால என் பேரே கெட்டுச்சி" என்று வெந்நீர் வாளியை டங்கென்று வைப்பாள். ஆனால் வாளி முதலில் என் கட்டிலுக்குத்தான் வரும். கதிரேசன் பாஸான செய்தியைச் சொன்னவளும் அவள்தான். "உன் திருநெவேலித் தம்பி ஊருக்குப் பூட்ச்சி. மைசூர்பா குட்த்துட்டுப் போச்சி, துன்னு."

கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்த வாரங்களிலும், பிறகு சுவரில் விரல்களை நண்டுபோல ஏற்றிப் பழகிய மாதங்களிலும் தேவராஜ்தான் தலை பின்னினார். கை முழுசாகத் தலைக்கு மேல் போன அன்று நானே பின்னிக்கொண்டு வாசலில் நின்றேன். பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்தவர் பின்பக்கமாகப் போய்ப் பார்த்தார்.

"இன்னா எஸ்தரு, நேரா கீது? நல்லாவே இல்ல."

டிஸ்சார்ஜ் தாளில் "கையை உயர்த்திச் செய்யும் வேலை காரணமாக இருக்கலாம்" என்ற ஒரு வரியை எழுதும்படி கேட்டேன். பெரிய டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதைப் பர்சனல் ஆபீசர் மேசையில் வைத்தேன். அவர் இரண்டு முறை படித்தார். என்னைப் பேக்கிங் பிரிவுக்கு மாற்றினார்கள், வெளியே அனுப்பவில்லை. கொக்கியைத் தாழ்த்தச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். லைனில் இருந்த பெண்களில் பாதிப் பேர் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்து வந்த மெடிக்கலில் டாக்டர் "ரெண்டு கையும் மேல" என்றபோது, நான் எழுந்து திரும்பி அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். "என்னம்மா இது?" என்றார். "இங்கருந்து பாருங்க சார்" என்றேன். எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்களும் அப்படியே உட்கார்ந்தார்கள்.

சங்கிலி இன்னும் அதே உயரத்தில் ஓடுகிறது. என் இடத்தில் இப்போது நிற்பவள் மணிமங்கலத்துப் பெண். அவள் என்னைவிட இரண்டு அங்குலம் குட்டை.